நூறில் 31 பேரைத் தவறவிட்ட கணக்கெடுப்பு

2023 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் தேசியப் புள்ளியியல் நிறுவனம், முந்தைய ஆண்டு நடத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிட்டது. நாட்டில் 6.2 கோடி பேர் இருக்கிறார்கள் என்றது அறிக்கை. அதோடு இன்னொரு எண்ணையும் சொன்னது. நாட்டில் வாழும் நூறு பேரில் சுமார் 31 பேர் கணக்கெடுப்பாளர்களின் பட்டியலில் ஏறவே இல்லை. எண்ணியவர்களின் தொகையோடு, விடுபட்டவர்களை மதிப்பிட்டுச் சேர்த்துத்தான் 6.2 கோடி கிடைத்திருக்கிறது.

இந்தக் குறையை எதிர்க்கட்சியோ பத்திரிகையோ தோண்டி எடுக்கவில்லை. நிறுவனமே அளந்து, நிறுவனமே வெளியிட்டது.

அளக்கும் முறை எளிமையானது. கணக்கெடுப்பு முடிந்த கொஞ்ச நாளில் நாட்டின் சில பகுதிகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி, வீடு வீடாக மறுபடி கேட்பார்கள். முதல் பட்டியலையும் இரண்டாவது பட்டியலையும் ஒப்பிட்டால் யார் விடுபட்டார்கள், யார் இரண்டு தடவை பதிவானார்கள் என்று தெரியும். இந்தியாவில் 2011 கணக்கெடுப்புக்குப் பின் இப்படிச் சரிபார்த்ததில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில், இரண்டு தடவை பதிவானவர்களைக் கழித்துப் பார்த்தால், நூற்றுக்கு ஒருவர்கூட விடுபடவில்லை. அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பு நாடு முழுவதற்குமான மொத்தத்தில் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. ஆனால் உள்ளே பார்த்தால், ஹிஸ்பானியர்களில் நூற்றுக்கு 5 பேரும் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 3 பேருக்கு மேலும் குறைவாக எண்ணப்பட்டிருந்தார்கள். வெள்ளையரும் ஆசியரும் சற்றுக் கூடுதலாகவே எண்ணப்பட்டிருந்தார்கள். மேலே சரியாகத் தெரிந்த எண்ணுக்கு அடியில் இந்தக் கோணல் கிடந்தது.

நாடுகளின் புள்ளிவிவரத் தரத்தை ஒப்பிட வருபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்காவின் 31 சதவீதம் மோசமான எண்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு மோசம் என்று நமக்குத் தெரிகிறது. எந்த மாகாணத்தில், எந்த வயதில் அதிகம் விடுபட்டது என்றுகூடத் தேடிப் பார்க்க முடிகிறது. மறுபடி போய்ச் சரிபார்க்காத நாட்டில், அல்லது சரிபார்த்ததை வெளியிடாத நாட்டில், பிழை இல்லாமல் போய்விடாது. அதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாடுகளையும் ஓர் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் வைத்தால், பிழையை ஒப்புக்கொண்ட நாடு தாழ்வாகவும் மறைத்த நாடு உயர்வாகவும் தெரியும்.

எண்ணவே முடியாத நாடுகளும் உண்டு. லெபனான் கடைசியாகக் கணக்கெடுப்பு நடத்தியது 1932-ல். மத வாரியாக அதிகாரத்தைப் பங்கிட்ட ஏற்பாடு அந்த எண்களின் மேல் நிற்பதால், மறுபடி எண்ணுவதற்கு யாருக்கும் துணிவில்லை. இலங்கையில் காரணம் போர். 1981-க்குப் பிறகு 1991-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001-ல் 25 மாவட்டங்களில் 18-ல்தான் முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழிலும் முழுமையாக எண்ண முடியவில்லை. இந்த மாவட்டங்களில் முழுமையான எண் கிடைக்க 2012 வரை, அதாவது 31 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1981-ல் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த பகுதியில் 8.3 லட்சம் பேர். 2012-ல் அதே பகுதியில் சுமார் 7 லட்சம். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 1.48 கோடியிலிருந்து 2 கோடியைத் தாண்டியிருந்தது. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கடல் கடந்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். எந்த ஆண்டில் எவ்வளவு பேர் என்று பிரித்துச் சொல்லக்கூடிய கணக்கெடுப்பு அந்த இடைவெளியில் ஒன்றுகூட இல்லை.

பணக்கார நாடென்றால் எண் சரியாக இருக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை. டென்மார்க் 1981-லிருந்து வீடு வீடாகப் போவதில்லை. அரசுப் பதிவேடுகளை இணைத்தே மக்களை எண்ணிவிடுகிறது. பிறப்பு, இறப்பு, முகவரி மாற்றம் எல்லாம் உடனுக்குடன் பதிவாகும் நாட்டில் அது நடக்கும். ஜெர்மனியில் 1987-க்குப் பிறகு கால் நூற்றாண்டாக முழுக் கணக்கெடுப்பு இல்லை. மாநகராட்சிப் பதிவேடுகளை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் சரிபார்த்தபோது நினைத்ததைவிட 15 லட்சம் பேர் குறைவாக இருந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரை நீக்கச் சொல்லாமல் போயிருந்தார்கள். மாநிலங்களுக்கிடையே வரிப் பணம் மக்கள்தொகை அடிப்படையில் பகிரப்படுவதால் பெர்லினும் ஹாம்பர்க்கும் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்ப் போராடி, 2018-ல் தோற்றன.

தலைகளை எண்ணுவதிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், ‘வேலையில்லாதவர்’ போன்ற ஒரு கருத்தை எண்ணுவதை யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஆய்வுப்படி வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் அதே காலத்தில் 33 சதவீதத்தை ஒட்டி. அப்படியானால் வேலை கிடைப்பதில் இந்தியா பத்து மடங்கு மேலா? தொலைக்காட்சி விவாதங்களில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்தியிருக்கிறேன்.

3.2 என்பது ‘வழக்கமான நிலை’ என்ற கணக்கு. அது கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடி அலைந்தவர்கூட, இடையில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தால் வேலையில் இருப்பவராகவே சேர்க்கப்படுவார். ஒரு வாரத்தை மட்டும் பார்த்து, அதில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று கேட்கும் இன்னொரு கணக்கும் நம்மிடம் உண்டு. அதே ஆண்டுக்கு அது காட்டியது 4.9 சதவீதம். ஒரே ஆய்வு, ஒரே வீடுகள், இரண்டு விடைகள். இரண்டும் பொய்யில்லை. உலக நாடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகைக் கணக்கையே பயன்படுத்துகின்றன. அதனால் ஒப்பிடுவதென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

அப்படி எடுத்தாலும் இடைவெளி பெரிதுதான். இங்கேதான் எண்ணுக்குள் இருக்கும் மனிதர்களைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வேலையில் இருப்பதாக எண்ணப்படுபவர்களில் பாதிக்கு மேல் சுயதொழில் செய்பவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவர். அப்பாவின் மளிகைக் கடையில் நாளெல்லாம் நிற்கும் பட்டதாரி மகனும், மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பால் கறக்கும் மருமகளும் இந்தக் கணக்கில் வேலையில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவர் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால்தான் வேலையில் இருப்பவர். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் விளைவிக்கும் விவசாயி 2013-ல் ஏற்கப்பட்ட சர்வதேச வரையறைப்படி ‘வேலையில் இருப்பவர்’ ஆகமாட்டார். நம் ஆய்வில் ஆவார். அவருடைய உழைப்பை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் ஒப்பீட்டை அது குலைத்துவிடுகிறது. அமெரிக்காவும் கனடாவும்கூட ஒன்றுபோல எண்ணுவதில்லை. வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர் கனடாவில் வேலை தேடுபவர். அமெரிக்காவில் அவர் தேடுபவர் இல்லை, உழைப்புச் சந்தைக்கு வெளியே இருப்பவர்.

தென்னாப்பிரிக்காவில் வேலை போனால் விழுந்து தாங்கிக்கொள்ள இப்படியொரு சுயதொழில் பரப்பு விரிவாக இல்லை. நிறவெறிக் காலச் சட்டங்கள் கறுப்பினத்தவரை நிலத்திலிருந்தும் நகரச் சிறுவணிகத்திலிருந்தும் பல தலைமுறைகளாக விலக்கி வைத்தன. ஆகவே அங்கே வேலை இல்லாதவர் வேலை இல்லாதவராகவே பதிவாகிறார். இங்கே அவர் தள்ளுவண்டியில் பழம் விற்பவராகப் பதிவாகிறார். இதைச் சொல்லாமல் 3-ஐயும் 33-ஐயும் பக்கத்தில் வைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

ஜிடிபி எனப்படும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சிக்கல் வேறு மாதிரி வரும். 2010 நவம்பரில் கானா தன் ஜிடிபி கணக்கைத் திருத்தியது. ஒரே அறிவிப்பில் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் பெரிதாகி, ஏழை நாடு என்ற வகையிலிருந்து கீழ்-நடுத்தர வருவாய் நாடு என்ற வகைக்கு ஏறியது. 2014 ஏப்ரலில் நைஜீரியா அதே காரியத்தைச் செய்தபோது அதன் ஜிடிபி 89 சதவீதம் உயர்ந்தது. அதுவரை ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரமாக இருந்த தென்னாப்பிரிக்கா இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அந்த வாரத்தில் இரண்டு நாட்டிலும் யாருடைய பையிலும் ஒரு காசு கூடவோ குறையவோ இல்லை.

நைஜீரியா அதுவரை 1990-ஐ அடிப்படை ஆண்டாக வைத்திருந்தது. எந்தத் துறைக்கு எவ்வளவு எடை என்பது அந்த ஆண்டின் பொருளாதாரத்தை வைத்து முடிவானது. 1990-ல் கைபேசி இல்லை, வீடியோ திரைப்படத் தொழில் தலையெடுக்கவில்லை. 2010-ஐ அடிப்படை ஆண்டாக மாற்றியபோது தொலைத்தொடர்பு, திரைப்படம் போன்ற துறைகள் அவற்றுக்குரிய எடையோடு கணக்குக்குள் வந்தன. இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அந்த இருபது ஆண்டுகளும் நைஜீரியாவின் கடன் விகிதம், வரி விகிதம், ஒரு நபருக்கான வருவாய் என்று எல்லாவற்றையும் அந்தப் பழைய எண்ணை வைத்தே கணக்கிட்டு ஆய்வாளர்கள் உலகெங்கும் முடிவுகள் எழுதினார்கள்.

கணக்கு முறை பழுதில்லாமல் இருந்தும் எண் பயன்படாமல் போவதுண்டு. 2015-ல் அயர்லாந்தின் ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் வரி குறைவான அந்நாட்டுக்கு மாற்றிக்கொண்டதன் விளைவு அது. சர்வதேச விதிப்படி கணக்கு சரி. அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகமே இது மக்கள் வாழ்வைக் காட்டவில்லை என்று உணர்ந்து, அத்தகைய வருமானங்களைக் கழித்த வேறோர் அளவையை உருவாக்கி 2017 முதல் வெளியிடுகிறது.

எண்ணைப் பின்னர் திருத்துவது பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. 2021 கடைசியில் பிரிட்டனின் பொருளாதாரம் கொரோனாவுக்கு முந்தைய அளவைவிட 1.2 சதவீதம் சிறியதாக இருந்தது என்றுதான் முன்பு கணக்கிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் முழுமையான விவரங்கள் வந்தபோது 0.6 சதவீதம் பெரியதாக இருந்தது என்று திருத்தினார்கள். வளர்ந்த நாடுகளில் மிகவும் பின்தங்கியது பிரிட்டன் என்று இரண்டு ஆண்டுகள் நடந்த அரசியல் வாதமே அடிப்படை இழந்தது. சங்கடமான திருத்தம். ஆனாலும் வெளிப்படையாகச் செய்தார்கள். இந்தத் திருத்தத்தைச் செய்த பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகமே வேறோர் இடத்தில் தடுக்கியது. பிரிட்டனின் தொழிலாளர் ஆய்வில் பதில் சொல்லும் வீடுகள் ஆறில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்ததால் 2023 அக்டோபரில் வேலையின்மை எண்ணையே சில காலம் வழக்கம்போல வெளியிட முடியாமல் போனது. கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை என்பது இன்று பணக்கார நாடுகளின் புள்ளியியல் துறைகளுக்குப் பெரிய கவலை.

அமெரிக்காவில் 2025 ஆகஸ்ட் 1 அன்று, மே, ஜூன் மாதங்களின் புதிய வேலைகள் முன்பு சொன்னதைவிட மொத்தம் 2,58,000 குறைவு என்று தொழிலாளர் புள்ளியியல் பணியகம் திருத்தியது. தாமதமாகப் பதில் அனுப்பும் நிறுவனங்களின் விவரம் வந்து சேரும்போது இப்படித் திருத்துவது அங்கே மாதாமாதம் நடக்கும் வேலை. அன்றைக்கே அதிபர் டிரம்ப் பணியகத்தின் தலைவரை நீக்கினார். சீனாவில் 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர்களின் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. மாணவர்களை விலக்கிய புதிய கணக்கோடு 2024 ஜனவரியில் அது திரும்பியபோது 14.9 சதவீதமாக இருந்தது. மாணவர்களை விலக்குவதற்கு வாதம் இருக்கலாம். எண் உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து நிறுத்தியதால்தான் அந்த வாதத்தை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

அரசு எண்ணில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினாவைப் போல முழுமையான பாடம் வேறில்லை. 2007 ஜனவரியில் அங்கே விலைக் குறியீட்டுப் பிரிவின் தலைவரை மாற்றினார்கள். அதன்பின் அரசு சொன்ன பணவீக்கம் 10 சதவீதம் அளவிலேயே நின்றது. தனியார் பொருளியலாளர்கள் 20-க்கு மேல் என்றார்கள். அப்படிச் சொன்ன ஆலோசனை நிறுவனங்களுக்கு 2011-ல் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்திலிருந்து தப்ப, நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தனியார் கணிப்புகளின் சராசரியைத் தங்கள் பெயரில் மாதந்தோறும் வெளியிட்டார்கள். பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட அரசுக் கடன் பத்திரங்களை வாங்கியவர்கள் குறைவான வட்டி பெற்றார்கள். 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம் கண்டனம் தெரிவித்தது. புள்ளிவிவரத்துக்காக அந்தக் கண்டனத்தைப் பெற்ற முதல் நாடு அர்ஜென்டினா. 2013-ல் நிறுத்தப்பட்ட வறுமைக் கணக்கு 2016 செப்டம்பரில் மீண்டும் வந்தபோது மக்களில் 32.2 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள்.

கிரீஸின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. 2009-ம் ஆண்டின் பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் 3.7 சதவீதம் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சொன்னார்கள். அக்டோபரில் 12.5 ஆயிற்று. பின்னர் 13.6, 2010 நவம்பரில் 15.4. இந்த 15.4-ஐக் கணக்கிட்டவர் 2010-ல் பொறுப்பேற்ற புள்ளியியல் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஜியோர்ஜியு. ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் அவருடைய எண்களை ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொண்டது. அவருடைய நாட்டிலோ அவர் மீது வழக்குமேல் வழக்கு. 2017-ல் கடமை மீறல் என்று தண்டனையும் விதித்தார்கள். எண்ணைப் புள்ளியியல் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்புக்கு விடாமல் அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. பற்றாக்குறை எவ்வளவு என்பது வாக்கெடுத்து முடிவு செய்கிற விஷயமா? அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மாதிரி ஆய்வு என்ற கலையில் இந்தியா ஒரு காலத்தில் உலகுக்கே வழிகாட்டியது. வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை அளந்தபோது புள்ளியியலாளர் மகலனோபிஸ் ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டின் விடையும் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு களப்பிழை என்று உடனே தெரிந்துவிடும். தன் பிழையைத் தானே அளக்கும் ஏற்பாட்டை ஆய்வுக்குள்ளேயே வைத்துத் தைத்த அந்த மரபில்தான் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது.

அந்த மரபுக்கு 2019-ல் அடி விழுந்தது. வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டிய 2017-18 ஆய்வு வெளியிடப்படாமல் நின்றபோது, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்கள் ஜனவரியில் பதவி விலகினார்கள். தேர்தல் முடிவு வந்த பிறகு மே 31 அன்று அது வெளியானது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18 குடும்பச் செலவு ஆய்வு தரமில்லை என்று கைவிடப்பட்டது. விளைவாக 2011-12-க்கும் 2022-23-க்கும் இடையில் இந்தியக் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழித்தன என்பதற்கு அரசு ஏற்கும் எண் கிடையாது. அத்தனை ஆண்டும் நம் விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் கிட்டத்தட்ட 46 சதவீத எடை இருந்தது. அது 2011-12-ன் கூடை. 2025 நவம்பரில் சர்வதேச நாணய நிதியம் இந்தியாவின் தேசியக் கணக்குகளுக்கு ‘சி’ தரம் கொடுத்ததற்கும் பழைய அடிப்படை ஆண்டு முக்கியக் காரணங்களில் ஒன்று. ‘சி’ என்றால் எண்கள் புனையப்பட்டவை என்று சமூக ஊடகங்களில் பரப்பியவர்களும், அது வெறும் சம்பிரதாயக் குறிப்பு என்று தள்ளியவர்களும் அறிக்கையைப் படிக்கவில்லை. முறையில் குறைகள் இருக்கின்றன, அவை பொருளாதாரத்தைக் கண்காணிப்பதற்கு ஓரளவு இடைஞ்சல் என்பதே அதன் பொருள்.

இறப்பைப் பாருங்கள். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் இந்தியாவில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 4.8 லட்சம். வழக்கத்துக்கு மேலான இறப்பு 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. கணித மாதிரியை வைத்துப் போட்ட அந்த மதிப்பீடு தவறு என்று அரசு மறுத்தது. இதைத் தீர்க்கக்கூடிய 2021-ன் இறப்புப் பதிவு விவரம் 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. முந்தைய ஆண்டைவிடச் சுமார் 21 லட்சம் இறப்புகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. பதிவாகும் இறப்புகளிலும் நான்கில் ஒன்றுக்கும் குறைவானதற்கே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார். மற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது பதிவேட்டில் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாதிரி ஆய்வும் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது, ஒரு வீட்டை எத்தனை வீடுகளுக்குச் சமமாக்குவது என்பதை அதிலிருந்து எடுக்கிறது. நம்மிடம் இருப்பது 2011-ன் 121 கோடி. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை மானிய தானியம் பெறலாம். அந்தச் சதவீதத்தை 2011-ன் எண்ணால் பெருக்கியதால் 81 கோடி என்ற உச்சவரம்பு நிற்கிறது. பிறகு பிறந்தவர்களுக்கும் புதிதாகப் பிரிந்த குடும்பங்களுக்கும் ரேஷன் கடையில் இடம் வேண்டுமென்றால், யாராவது நீக்கப்பட வேண்டும் அல்லது மாநில அரசு தன் கையிலிருந்து போட வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி என்று அறிவித்திருக்கிறார்கள். இம்முறை கைபேசிச் செயலியில் பதிவு, சாதி விவரமும் உண்டு. முடிவு வரும்போது எல்லோரும் மொத்த எண்ணையும் சாதி எண்ணையும் தொகுதி மறுவரையறையையும் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். நான் முதலில் தேடப்போவது அதற்குப் பிறகு வரும் சரிபார்ப்பு அறிக்கையை. ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டார்கள் என்று 2011-ல் சொன்ன அந்த வரி இம்முறை என்ன சொல்கிறது, எந்த மாநிலத்தில், எந்த வயதுப் பிள்ளைகள் விடுபட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.